வேலை வானில் பொடி மொடியூல் மாற்றுவது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. ஸ்காபரோவில் ஹீற்றிங், ஏசி வேலை செய்பவன், வான் நின்றால் அன்றைக்கு எனக்கு வருமானமும் நின்றுவிடும். மூன்று பனிக்காலத்துக்கு முன் என் வானின் பொடி மொடியூலோடு மல்லுக்கட்டி, அதில் செய்யக்கூடாத பிழைகளை எல்லாம் ஒழுங்காக வரிசையாகச் செய்து முடித்தேன். அதற்குப் பிறகு யாருடைய வானில் லைற் மின்னினாலும் போன் எனக்குத்தான் வருகிறது. பைப் வேலை செய்பவர்கள், பெயின்ற் அடிப்பவர்கள், சாப்பாடு டெலிவரி செய்பவர்கள் என்று எல்லாரும் கேட்பது ஒரே கேள்விகள்தான், அதனால் ஒரு தடவை எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்தப் பொடி மொடியூல் என்ன சாமான்?

பொடி கொன்ட்ரோல் மொடியூல், அதாவது வண்டியின் உடம்பில் இருக்கும் லைற், பூட்டு போன்றவற்றை நடத்தும் கணினி. ஆங்கிலத்தில் மூன்று எழுத்தில் சுருக்கிச் சொல்வார்கள். தமிழில் அதை பிசிஎம் என்று எழுதினால் எஞ்சின் கணினிக்கும் அதே பெயர்தான் வந்து நிற்கும், நம் எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. போனில் "பிசிஎம் போய்விட்டது அண்ணை" என்று சொன்னால் நான் எதை என்று நினைப்பது? ஆகவே இங்கே பொடி மொடியூல் என்றே வைத்துக்கொள்வோம்.

டாஷ்போட்டுக்குக் கீழே, பெரும்பாலும் பியூஸ் பெட்டியோடு ஒட்டியோ அதற்குப் பக்கத்திலோ இருக்கும் பெட்டி. சிக்னல், ஹெட்லைற், வைப்பர், ஹோர்ன், கதவுப் பூட்டு, உள்லைற் எல்லாம் அதன் கையில். பல வான்களில் திறப்பை அடையாளம் காண்பதும் அதுதான், ரயர் காற்று சென்சர்கள் பேசுவதும் அதனோடுதான். பழைய வண்டியில் சிக்னல் கம்பியைத் தட்டினால் மின்சாரம் நேரே பல்புக்குப் போகும். இப்போது அந்தக் கம்பி பொடி மொடியூலிடம் ஒரு செய்தியை மட்டும்தான் சொல்கிறது, பல்பை எரிப்பது மொடியூல். ஒரு சின்ன லைற் பிரச்சினை கணினிப் பிரச்சினை மாதிரித் தெரிவதற்கு இதுதான் காரணம், கணினிப் பிரச்சினை சின்ன லைற் பிரச்சினை மாதிரித் தெரிவதற்கும் இதேதான் காரணம்.

என் வானில் வைப்பர் தானாக ஓடுகிறது, கதவு இரவில் தானாகப் பூட்டித் திறக்கிறது. மொடியூல் போய்விட்டதுதானே?

இருக்கலாம். ஆனால் நான் பந்தயம் கட்டுவதென்றால் இல்லை என்றுதான் கட்டுவேன். இப்படிக் கேட்டு வந்த வான்களில் பாதிக்கு மேல் வேறு ஏதோ சில்லறைக் காரணம்தான் இருந்தது: பலவீனமான பற்றரி, துருப்பிடித்த ஏர்த், கதவுக்குள் அறுந்த வயர், தூரத்தில் நின்றே எஞ்சினை ஸ்ராட் செய்ய யாரோ பூட்டிய றிமோட் ஸ்ராட்டர்.

வேலை வானுக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. பின்கதவையும் பக்கக் கதவையும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து மூடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள், ஒரு குடும்பக் காரின் கதவு ஒரு மாதத்தில் படும் பாட்டை வானின் கதவு இரண்டு நாளில் படுகிறது. கதவுக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு றப்பர் குழாய் போகும், அதற்குள் வயர்கள் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதவு திறந்திருக்கிறது என்று மொடியூல் நம்பும், உள்லைற்றை எரிய விடும், பூட்டைத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும், இரவு முழுக்கத் தூங்காமல் பற்றரியைக் குடிக்கும். பாவம், மொடியூல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, அதற்குக் கிடைக்கும் செய்திதான் பொய்.

அப்படியென்றால் எதை முதலில் பார்க்க வேண்டும்?

பற்றரி. வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு அளந்தால் நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.7க்கும் இடையில் வரும். ஆனால் வோல்ட் மட்டும் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள், சுமை போட்டுச் சோதிக்க வேண்டும். பாகங்கள் விற்கும் பல கடைகளில் காசு வாங்காமலே செய்து தருவார்கள். ஃபோர்ட் ட்ரான்சிட் வானில் பற்றரி சாரதியின் இருக்கைக்குக் கீழே இருக்கும், சில ட்ரான்சிட்களில் இரண்டு பற்றரி இருக்கும், ஒன்று செத்தால் மற்றதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்தது ஏர்த். ஒன்ராறியோவில் பனிக்காலம் முழுக்க வீதியில் உப்புப் போடுகிறார்கள், அந்த உப்புத் தண்ணீர் வானின் அடியில் இருக்கும் ஏர்த் பட்டைகளைத்தான் முதலில் தின்னும். கண்ணால் பார்த்து "இறுக்கமாக இருக்கிறது" என்று விட்டுவிடக் கூடாது. லைற், வைப்பர், ஹீற்றர் விசிறி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, பற்றரியின் மறை முனைக்கும் மொடியூலின் ஏர்த் வயருக்கும் இடையில் மீற்றரை வைத்து அளவுங்கள். 0.1 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் வருத்தம் அங்கேதான், மொடியூலைத் தொடத் தேவையில்லை.

அப்புறம் பியூஸ். மொடியூலுக்கு ஒரு பியூஸ் மட்டும் போவதில்லை, பல பியூஸ் போகும், அதில் ஒன்று போனாலும் பாதி வேலை செய்து பாதி செய்யாமல் நிற்கும். கழற்றிப் பார்க்காமல் மேலிருக்கும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளிலும் மீற்றரை வைத்தே எல்லாவற்றையும் அளந்துவிடலாம்.

கடைசியாக, பிறகு பூட்டிய சாமான்கள். றிமோட் ஸ்ராட்டர், ஜிபிஎஸ், ஏணித் தட்டில் போட்ட வேலை லைற், ட்ரெயிலர் வயர். இந்த நாட்டில் றிமோட் ஸ்ராட்டர் இல்லாத வான் குறைவு, ஒழுங்காகப் பூட்டிய றிமோட் ஸ்ராட்டர் அதைவிடக் குறைவு. சந்தேகம் என்றால் முதலில் அதைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓடிப் பாருங்கள்.

ஸ்கானரில், அதாவது பழுதுக் கோட் படிக்கும் கருவியில், யூ0140 வருகிறது. "பொடி மொடியூலோடு தொடர்பு இல்லை" என்று அர்த்தமாம். மாற்றத்தானே வேண்டும்?

அந்தக் கோட் சொல்வது ஒன்றுதான்: வேறொரு கணினி பொடி மொடியூலைக் கூப்பிட்டது, பதில் வரவில்லை. நீங்கள் ஒருவருக்கு போன் எடுத்து அவர் எடுக்கவில்லை என்றால் ஆள் செத்துவிட்டார் என்றா நினைப்பீர்கள்? போனில் சார்ஜ் இல்லாமல் இருக்கலாம், லைன் அறுந்திருக்கலாம்.

லைனைப் பார்ப்பது சுலபம். பற்றரியைக் கழற்றிவிட்டு, ஸ்கானர் செருகும் இடத்தில் 6ஆம் 14ஆம் முனைகளுக்கு இடையில் ஓம் அளவுங்கள். கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கான் எனப்படும் இரட்டை வயரின் இரண்டு நுனியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும், இரண்டும் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது, இல்லையென்றால் ஒரு நுனி காணாமல் போயிருக்கிறது. சில வான்களில் அந்த நுனித் தடை பொடி மொடியூலுக்குள்ளேயே இருக்கும் என்பதால் இதுவும் ஒரு துப்பு. பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டினால் இரண்டு வயரும் எங்கோ ஒன்றோடொன்று முட்டுகிறது. செருகுமிடத்துக்கும் மற்றக் கணினிகளுக்கும் நடுவில் வாசல் காக்கும் கேற்வே மொடியூல் இருக்கும் புதிய வான்களில் இந்தக் கணக்கு செருகுமிடத்தில் சரிவராது, அங்கே வயர் படத்தைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று. மொடியூல்தான் பழுது என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

நல்ல ஸ்கானரில் இரண்டு வசதி இருக்கும். ஒன்று, மொடியூலுக்குள் என்ன செய்தி வருகிறது என்று நேரலையாகப் பார்ப்பது. மற்றது, மொடியூலுக்குக் கட்டளை கொடுத்து ஒரு லைற்றையோ ஹோர்னையோ இயக்கச் சொல்வது. இடது சிக்னல் எரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கானரிலிருந்து கட்டளை கொடுத்தால் எரிகிறது என்றால் மொடியூலும் வயரும் பல்பும் நல்லது, சுவிச் பக்கம் போங்கள். கட்டளைக்கும் எரியவில்லை, ஆனால் சுவிச் தட்டிய செய்தி உள்ளே வருகிறது என்றால் மொடியூலின் வெளி முனையில் மீற்றரை வையுங்கள். முனையில் மின்சாரம் வந்தும் பல்பில் வரவில்லை என்றால் வயர். முனையிலேயே வரவில்லை, மொடியூலுக்கு வரும் மின்சாரமும் ஏர்த்தும் சுத்தம் என்றால், அப்போது மொடியூலைக் குற்றம் சொல்லலாம். இந்த அளவுக்குப் போகாமல் "எனக்கு அனுபவம் இருக்கிறது, இது மொடியூல்தான்" என்பவரிடம் வானை விட்டுவிட்டு வராதீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. புதிய மொடியூல்களில் பல லைற்களுக்குத் தனி பியூஸும் றிலேயும் கிடையாது, உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரே இரண்டு வேலையையும் செய்யும். ஷோர்ட் ஆனால் அதுவே தன்னை நிறுத்திக்கொள்ளும். ஃபோர்ட் வாகனங்களில் மொடியூல் இதை எண்ணிக்கொண்டே வரும், பொறுமைக்கு மூன்று படிகள். முதல் இரண்டு படியில் நிறுத்தினால் வயரைத் திருத்திவிட்டு, மொடியூலின் சுயசோதனையை ஸ்கானரால் ஓடவிட்டு, மீண்டும் உயிர்ப்பிக்கலாம். மூன்றாவது படியையும் தாண்டினால் அந்த வழியை ஆயுளுக்கும் மூடிவிடும். யூ3000:49 என்ற அழிக்க முடியாத கோட் வந்து நின்றால் அதுதான் கதை, மொடியூல் மாற்றியே ஆக வேண்டும். ட்ரெயிலர் வயர் எங்கோ உரசிக்கொண்டிருக்க, "பிறகு பார்ப்போம்" என்று மாதக்கணக்கில் ஓடும் வான்களுக்குத்தான் இது வரும். வயரைத் திருத்தாமல் புது மொடியூல் போட்டால் அதுவும் தன் எண்ணிக்கையைத் தொடங்கும்.

உங்கள் வானில் என்ன நடந்தது?

இதைக் கேட்காமல் யாரும் போனை வைப்பதில்லை.

பெப்ரவரி மாதம். வைப்பர் தானாக ஓடியது, காலையில் பற்றரி இறங்கியிருந்தது. புதுப் பற்றரி போட்டேன், ஒரு கிழமை ஓடியது, மீண்டும் அதே கதை. யாரோ பொடி மொடியூல் என்றார்கள். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யாட்டில் அதே மொடலின் மொடியூல் ஒன்றை மலிவாக எடுத்து வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழையதைக் கழற்றிப் பழையதை விட "நல்ல" பழையதைச் செருகினேன். எஞ்சின் ஸ்ராட் ஆகவில்லை. டாஷ்போட்டில் திறப்புப் படம் போட்ட லைற் விடாமல் மின்னியது. சரி என்று பழையதையே திரும்பச் செருகினால் அதுவும் இப்போது பேச மறுத்துவிட்டது. திங்கள் காலை இரண்டு வீட்டில் ஹீற்றர் இல்லாமல் ஆட்கள் காத்திருக்க, நான் ரோ ட்ரக்கில் முன் இருக்கையில் உட்கார்ந்து போனேன்.

பிறகு ஒருவர் பழைய மொடியூலைப் பிரித்துக் காட்டினார். கனெக்ரர் முனைகள் பச்சை பிடித்துக் கிடந்தன. தண்ணீர். இலையுதிர் காலத்தில் முன்கண்ணாடி மாற்றியிருந்தேன், மாற்றிய கடை மூலையில் பசையைச் சரியாக ஓடவிடவில்லை, மழைத் தண்ணீர் வயர்க் கட்டின் வழியாக இறங்கி நேரே மொடியூலுக்குள் போயிருக்கிறது. அவர் பழையதன் நினைவகச் சில்லில் இருந்ததைப் படித்து யாட்டில் எடுத்ததில் ஏற்றினார், கனெக்ரர் முனைகளைச் சுத்தம் செய்தார், வான் முதல் தடவையிலேயே ஸ்ராட் ஆனது. எனக்கு நாலு வேலை நாள் போனது.

அன்றைக்கு விளங்கியது இதுதான்: பெட்டி மலிவு. அதற்குள் எழுதியிருக்கும் தகவல்தான் விலை. அந்தத் தகவலைப் பத்திரமாக எடுத்து வைக்காமல் நான் செருகியைக் கழற்றினேன்.

அந்தத் தகவல் என்றால் என்ன?

ஒரே மொடியூல் பெட்டிதான் ஒரே மொடலின் பல விதமான வான்களுக்கும் போகிறது. உங்கள் வானில் பக்கக் கதவு ஒன்றா இரண்டா, பின்கண்ணாடிச் சூடாக்கி உண்டா, ட்ரெயிலர் கொக்கி உண்டா, ரயர் அளவு என்ன, பகல் லைற் வேண்டுமா, கிலோமீற்றரா மைலா என்று எல்லாம் அதற்குள் அமைப்பாக எழுதியிருக்கும். கூடவே வண்டியின் அடையாளமான 17 எழுத்து வின் எண், திறப்புகளின் அடையாளம், எஞ்சின் கணினியோடு செய்துகொண்ட ரகசிய ஒப்பந்தம். சில வான்களில் ஓடிய தூரத்தின் பிரதியும் அங்கே இருக்கும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கனடாவில் 2007 செப்டம்பர் 1 முதல், 4,536 கிலோ வரையிலான புதிய வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். அதாவது சரியான திறப்பு இல்லாமல் எஞ்சின் ஓடாது. நமக்கு மொடியூல் மாற்றும்போது தலையிடி தருவதும் அதேதான், வேறொரு வானின் பொடி மொடியூலை எஞ்சின் கணினி கள்ளனாகத்தான் பார்க்கும்.

யாட்டில் பழையது எடுக்கவே கூடாதா?

எடுக்கலாம், ஆனால் சும்மா செருகி ஓடுவதற்கு இல்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பாக எண் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும், இல்லையென்றால் பொருந்தும் மாற்று எண் எது என்று பாகக் கடையில் வின் எண் கொடுத்துக் கேளுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியிலிருந்து வந்ததா என்று கனெக்ரருக்குள் லைற் அடித்துப் பாருங்கள், வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வேண்டாம். அப்படி வாங்கியதில் உங்கள் பழைய மொடியூலின் தகவலை அப்படியே பிரதி எடுத்து ஏற்ற வேண்டும், இதைத்தான் குளோன் என்பார்கள், அல்லது நிறுவனத்தின் மென்பொருளால் புதிதாக அமைக்க வேண்டும். சில நிறுவனங்களின் மொடியூல்கள் ஒரு தடவை ஒரு வண்டிக்குப் பூட்டப்பட்டால் மற்ற வண்டிக்கு அமைக்கவே விடாது, குளோன் மட்டும்தான் வழி.

அமெரிக்காவிலிருந்து வந்தது மலிவாகக் கிடைக்கிறது. பிரச்சினையா?

பாக எண் பொருந்தினால் பெட்டி ஒன்றுதான், அமைப்பு வேறு. இங்கே 1989 டிசம்பர் முதல் தயாரித்த வாகனங்களுக்குப் பகல் லைற் கட்டாயம், அமெரிக்காவில் கட்டாயம் இல்லை. அமைப்பை மாற்றாமல் போட்டால் பகல் லைற் எரியாமல் போகலாம், கிலோமீற்றருக்குப் பதில் மைல் வரலாம், இம்மொபிலைசர் இல்லாத வானின் மொடியூலாகக்கூட இருக்கலாம். உங்கள் வானின் அமைப்பை முழுதாக ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும். ஏற்றத் தெரிந்தவர் கையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

டீலரிடம் போவதா, வீட்டுக்கு வந்து செய்பவரா, தபாலில் அனுப்பித் திருத்துவதா?

மூன்றும் நியாயமான வழிதான். டீலர் புது மொடியூல் மட்டும் போடுவார், மென்பொருள் எல்லாம் கையில் இருக்கும், வேலை சுத்தம். விலை அதிகம், அதைவிட முக்கியம் உங்கள் முறை வரும்வரை வான் அங்கே நிற்கும். வீட்டுக்கு வந்து செய்யும் புரோகிராமர்கள் ரொறன்ரோப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள், பலர் திறப்பு வேலை செய்பவர்கள். அவர்களிடம் "பொடி மொடியூல் போடுவீர்களா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஓம் என்பார்கள். "இந்த வருடத்து இந்த வானுக்கு, பழைய மொடியூல் பேசவில்லை என்றால் என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள், பதிலில் ஆள் தெரியும்.

தபாலில் அனுப்பித் திருத்துவதுதான் எனக்குப் பிடித்த வழி, பலருக்கு இது ஞாபகத்துக்கே வருவதில்லை. உள்ளே போனது ஒரு றிலேயோ, ஈயம் விட்ட ஒரு மூட்டோ, ஒரு டிரான்சிஸ்டரோ என்றால் அதை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்புவார்கள். நினைவகச் சில்லு உங்களுடையதாகவே இருப்பதால் பொதுவாக புரோகிராம் எதுவும் தேவையில்லை, செருகினால் ஓடும். ஆனால் சில நாள் வான் நிற்கும், இரண்டாவது வண்டி இல்லாதவருக்கு இது கஷ்டம்தான்.

என்னிடம் ஃபோர்ட் ட்ரான்சிட் இருக்கிறது. நானே செய்யலாமா?

கணினியில் பயம் இல்லை, பொறுமை இருக்கிறது என்றால் செய்யலாம். ஃபோர்ஸ்கான் என்று ஒரு மென்பொருள், விண்டோஸ் லப்டொப்பில் ஓடும், அமைப்பை மாற்றுவதற்கு எக்ஸ்டென்டட் என்ற விரிவான உரிமம் எடுக்க வேண்டும். செருகும் கருவியைப் பார்த்து வாங்குங்கள், மிக மலிவானது வேண்டாம். ஃபோர்டில் இரண்டு கான் வழிகள் இருக்கும், வேகமானது 6, 14 முனைகளில், மெதுவானது 3, 11 முனைகளில். கருவிக்கு இரண்டையும் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதல் வேலை, பழைய மொடியூல் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே அதன் தொழிற்சாலை அமைப்பைப் படித்துக் கோப்பாகச் சேமிப்பது. மொடியூலின் முகவரி 726. அந்தக் கோப்பை லப்டொப்பில் ஒன்று, உங்களுக்கே மின்னஞ்சலில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். இன்றைக்கு உங்கள் வானில் ஒரு பழுதும் இல்லாவிட்டாலும் இதைச் செய்து வைக்கலாம், அரை மணி நேர வேலை. பழைய மொடியூல் ஏற்கனவே செத்துவிட்டதா? ஃபோர்டின் மோட்டர்கிராஃப்ட் சேவைத் தளத்தில் வின் எண் போட்டுத் தொழிற்சாலையில் எழுதிய அமைப்பை எடுக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு டீலரோ நீங்களோ மாற்றியது எதுவும் அதில் இருக்காது.

அப்புறம் புதியதைப் பூட்டி, அமைப்பை ஏற்றி, இம்மொபிலைசர் பகுதியைச் செய்ய வேண்டும். பாதுகாப்பு அனுமதிக்காக மென்பொருள் 10 நிமிடம் போலக் காக்க வைக்கும், அந்த நேரத்தில் ஒன்றையும் தொடாதீர்கள். இரண்டு திறப்பும் கையில் இருக்க வேண்டும். ஒரே திறப்போடு வேலை தொடங்கி, மாலையில் திறப்பு வெட்டுபவரைத் தேடி அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

வேறு வான் என்றால்?

சுருக்கமாகச் சொல்கிறேன், இவற்றில் எனக்குக் கை அனுபவம் குறைவு. செவ்ரொலே எக்ஸ்பிரஸ், ஜிஎம்சி சவானா மாதிரியான ஜிஎம் வான்களில் சில வருடத்து வண்டிகளுக்கு 30 நிமிடப் பாடம் ஒன்று உண்டு: திறப்பைப் போட்டு, பாதுகாப்பு லைற் அணையும்வரை 10 நிமிடம் போல விட்டு, நிறுத்தி, இப்படி மூன்று தடவை. அது திருட்டுத் தடுப்புப் பகுதிக்கு மட்டும், மொடியூலின் அமைப்பை நிறுவன மென்பொருளால்தான் ஏற்ற வேண்டும். மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டரில் இந்த வேலையைச் சாம் என்ற மொடியூல் செய்யும், பொடி மொடியூல் என்று தேடினால் கிடைக்காது. றாம், டொட்ஜ் வண்டிகளில் 2018 முதல் பாதுகாப்புக் கேற்வே வரத் தொடங்கியது, அது இருந்தால் அனுமதி பெற்ற ஸ்கானர் இல்லாமல் கோட் அழிக்கக்கூட விடாது.

கழற்றும்போது எதில் கவனம்?

திறப்பை எடுத்து, கதவுகளை மூடி, கணினிகள் தூங்கும்வரை கொஞ்சம் விட்டு, பிறகு பற்றரியின் மறை முனையை முதலில் கழற்றுங்கள். டாஷ்போட்டுக்குக் கீழே எயார்பாக் வயர்கள் போகும், அதனால் கழற்றிய பிறகும் சில நிமிடம் ஆறுதலாக இருங்கள், புத்தகத்தில் உங்கள் வானுக்கு எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கும். மஞ்சள் கனெக்ரர் எதையும் தொட வேண்டாம்.

கனெக்ரர்களைக் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள், இரண்டு மூன்று கோணத்தில். பனிக்காலத்தில் வெளியே வைத்துச் செய்யாதீர்கள், மைனஸ் 15இல் பிளாஸ்டிக் கொக்கி பிஸ்கட் மாதிரி உடையும். கம்பளி ஜக்கெற்றோடு காய்ந்த குளிரில் போய்ப் புது மொடியூலின் முனையில் கை வைத்தால் நிலைமின்சாரம் பாயும், முதலில் வண்டியின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

புரோகிராம் செய்யும்போது சார்ஜர் போட வேண்டும் என்கிறார்களே?

கட்டாயம். திறப்பு போட்டபடி மணிக்கணக்கில் நிற்கும், விசிறி ஓடும், லைற் எரியும், பற்றரி இறங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்ட் விழுந்தால் மொடியூல் பாதி எழுதிய கடிதம் மாதிரி நிற்கும், பிறகு எழுப்புவது பெரும்பாடு. 13 வோல்ட்டுக்கு மேல் ஆடாமல் வைத்திருக்கும் மின்வழங்கிதான் வேண்டும். பூஸ்ற் செய்யும் பெட்டியும் பழைய காலத்து சார்ஜரும் இதற்குச் சரிவராது, பெட்டி வோல்ட்டை நிலையாகப் பிடித்து வைக்காது, பழைய சார்ஜர் தரும் மின்சாரம் அலையடிக்கும். லப்டொப்பையும் சுவரில் செருகுங்கள், தானாக அப்டேட் ஓடுவதை நிறுத்திவிடுங்கள்.

மாற்றியாயிற்று. இனி என்ன?

எல்லா கணினிகளிலும் கோட் அழித்து, ஒரு சுற்று ஓடிவிட்டு, மீண்டும் பாருங்கள். யூ2100 அல்லது யூ2101 நின்றால் அமைப்பு முழுமையாக ஏறவில்லை, அல்லது வண்டியோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். கதவுக் கண்ணாடிக்கு ஒரே தட்டில் ஏறுவது மறந்திருக்கும், முழுக்க ஏற்றி, இறக்கி, சுவிச்சைச் சில நொடி பிடித்தால் பெரும்பாலும் கற்றுக்கொள்ளும். ரயர் சென்சர்களைத் திரும்பப் பதிய வேண்டியிருக்கலாம். ஃபோர்டில் மொடியூல் வைத்திருக்கும் பற்றரிக் கணக்கையும் ஸ்கானரால் பூச்சியமாக்குங்கள்.

பிறகு ஒருவரை வெளியே நிற்க வைத்து ஒவ்வொரு லைற்றாகப் பாருங்கள். ட்ரெயிலரையும் கொழுவிப் பாருங்கள். பல்புக்குப் பதில் எல்இடி போட்டிருந்தால் சிக்னல் வேகமாக மின்னும், புது மொடியூலின் குற்றம் இல்லை, மின்சாரம் குறைவாக இழுப்பதால் பல்பு போய்விட்டது என்று அது நினைக்கிறது.

ஓடிய தூரம்: போட்ட மொடியூலால் கிலோமீற்றர் மாறியிருந்தால், அதைச் சரியான எண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லி எழுத்தில் வாங்கி வையுங்கள். நாளைக்கு வானை விற்கும்போது எண் குறைவாக நின்றால் கள்ளன் பட்டம் உங்களுக்குத்தான் கிடைக்கும்.

மாற்றிய பிறகும் காலையில் பற்றரி இறங்குகிறது.

அப்போது மொடியூல் காரணம் இல்லை, அல்லது அதைத் தூங்கவிடாமல் எதுவோ எழுப்புகிறது. மறை முனையில் கிளாம்ப் மீற்றர் போட்டு, கதவுப் பூட்டை ஒரு திருப்புளியால் தட்டி மூடி வைத்து, கதவு மூடியிருப்பதாக நம்ப வைத்து, 40 நிமிடம் விட்டுப் பாருங்கள். 50 மில்லி அம்பியருக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பியூஸ்களைக் கழற்றாமல் ஒவ்வொன்றின் மேலும் மில்லிவோல்ட் அளந்து, எந்த வழியில் ஓடுகிறது என்று பிடியுங்கள். பியூஸைக் கழற்றிச் செருகினால் தூங்கிய கணினிகள் எல்லாம் எழும்பிவிடும், மீண்டும் 40 நிமிடம்.

வான் நிற்கும் நாட்களில் வேலையை எப்படிச் சமாளிப்பது?

கழற்றுவதற்கு முதல் நாளே வேலைச் சாமான்களை இறக்கிவிடுங்கள். மொடியூல் இல்லாத வானில் கதவுப் பூட்டு மின்சாரத்தில் வேலை செய்யாது, திறப்பு ஓட்டை சாரதிக் கதவில் மட்டும் இருக்கும் வான்களில் பின்கதவைத் திறக்க முடியாமல் போகும். என் வெல்டிங் சிலிண்டரும் வக்கூம் பம்பும் நாலு நாள் அதற்குள்தான் கிடந்தன. தம்பியின் காரில் சாமான் இல்லாமல் போய், ஒவ்வொரு வீட்டிலும் "நாளைக்கு வருகிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.